மூன்று ஓட்டை, இரண்டு ஒயர்

ஆம்ப்ளிஃபயர், சி.டி. பிளேயர், ரெக்கார்டு பிளேயர், ரேடியோ என்று நான்கு பெட்டிகள் இருக்கும் மூலையில் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருக்கும். ஆகவே ஒரு ஜங்ஷன் பாக்ஸ் தேவைப்படுகிறது. சிலர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்பார்கள், சிலர் ஸ்பைக் பஸ்டர் என்பார்கள், பிரான்சிலிருந்து வருகிறவர்கள் முல்திப்ரீஸ் என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். சுவரில் இருக்கும் ஒரு வாயை நான்கு வாயாக்கித் தர வேண்டும்.

இவ்வளவு எளிய சாமானில் நம் வயதுக்காரர்கள் இரண்டு விதமாக ஏமாற்றப்படுகிறார்கள். கையில் காசு இல்லாதவருக்கு உயிருக்கு ஆபத்தான பெட்டியை விற்கிறார்கள். காசு உள்ளவருக்குத் தங்க முலாம் பூசிய பெட்டியை ஒரு மாதப் பென்ஷன் விலைக்கு விற்கிறார்கள். முதல் வியாபாரி பாதுகாப்பைத் திருடுகிறான், இரண்டாமவன் பணத்தைத் திருடுகிறான். இரண்டு பேரையும் விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டிக்கு வேண்டியவை மூன்று: உண்மையான எர்த், பிளக்கை இறுகப் பிடிக்கும் சாக்கெட், போதுமான செம்பு. நான்காவதாக ஒன்றை யாராவது விற்க வந்தால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

முதலில் மலிவுப் பெட்டி. கடைத்தெருவில் தொங்கும் பெட்டிகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும். பிளக் பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டு பின் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போகும் ஒயரும் இரண்டே. அப்படியானால் மேலே இருக்கும் அந்தப் பெரிய ஓட்டை எதற்கு? அலங்காரத்துக்கு. உள்ளே அதற்குப் பின்னால் ஒன்றும் இருக்காது, அல்லது எங்கும் போகாத ஒரு பித்தளைத் தகடு இருக்கும். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக் அதில் கச்சிதமாகப் பொருந்தும். பாட்டும் பாடும். எர்த் இல்லை என்பதை எந்தக் கருவியும் வாய் திறந்து சொல்லாது. அதுதான் இந்த மோசடியின் பலம்.

எர்த் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலோக உடம்புள்ள கருவிக்குள் ஃபேஸ் ஒயர் உரசித் தோல் போய் உடம்பைத் தொட்டுவிட்டால், எர்த் ஒயர் அந்த மின்சாரத்தைப் பெரிய அளவில் பூமிக்கு இழுத்துக்கொண்டு போகும். உடனே ஃப்யூஸ் போகும், அல்லது எம்.சி.பி. விழும். எர்த் இல்லையென்றால் ஃப்யூஸ் போகாது. அந்த மின்சாரம் காத்திருக்கும். யாராவது ஈரக்கையோடு தொடும்வரை காத்திருக்கும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது தெரியுமா? உள்ளே போகும்போது முதலில் தொட வேண்டும், வெளியே வரும்போது கடைசியில் விட வேண்டும். தவறிக்கூட வேறு ஓட்டையில் நுழையக்கூடாது. அதை வடிவமைத்தவர்கள் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நாம் அதற்கு ஒரு வெற்று ஓட்டையைக் கொடுக்கிறோம்.

இப்போது புதுச்சேரிக்கே உரிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பாதி வீடுகளுக்குப் பாரிசிலோ மர்செய்யிலோ ஒரு மகனோ மருமகனோ இருப்பார்கள். விடுமுறைக்கு வரும்போது அங்கே பயன்படுத்திய ஸ்டீரியோவையும், அதோடு அழகான வெள்ளை முல்திப்ரீஸ் ஒன்றையும் கொண்டுவருவார்கள். கனமான பொருள், நல்ல தயாரிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் பிரெஞ்சு முறையில் எர்த் பின் பிளக்கில் இருப்பதில்லை, சாக்கெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்கில் அதை வாங்கிக்கொள்ள ஒரு துளை மட்டும் இருக்கும். அந்தப் பிளக்கின் இரண்டு உருண்டைப் பின்களும் நம் 6 ஆம்ப் சாக்கெட்டில் நுழையும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றே, 19 மில்லிமீட்டர். பின்னின் தடிமன்தான் கொஞ்சம் குறைவு, பிரெஞ்சுப் பின் 4.8 மில்லிமீட்டர், நம்முடையது சுமார் 5.1. ஆகவே நுழையும், கொஞ்சம் ஆடும், விளக்கு எரியும். ஆனால் எர்த்? நம் சாக்கெட்டிலிருந்து எதுவும் நீட்டவில்லை, ஆகவே அந்தத் துளைக்குள் எதுவும் போகவில்லை. அங்கே முழுப் பாதுகாப்போடு இருந்த பெட்டி, இங்கே சுவரில் சொருகிய நொடியில் எர்த் இழந்துவிடுகிறது.

இதில் இன்னொரு விபரீதம் உண்டு. நான்கு கருவிகளின் எர்த்தும் முல்திப்ரீசுக்குள் ஒரே தகட்டில் சேர்கின்றன. அந்தத் தகடு பூமிக்குப் போகாவிட்டாலும் நான்கையும் ஒன்றோடொன்று இணைத்துத்தான் வைத்திருக்கிறது. ஒரு கருவியில் கோளாறு வந்தால் நான்கு உடம்பிலும் 230 வோல்ட் ஏறும். எர்த்தே இல்லாத தனித்தனி பிளக்கைவிட இது மோசம். பழுதான ரேடியோவைத் தொடாமல் நல்ல ஆம்ப்ளிஃபயரைத் தொட்டவருக்கும் அடி விழும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இயற்பியல் பிரெஞ்சில்தான் நடந்தது. எர்த் இணைப்புக்கு அங்கே சொன்ன பெயர் 'ப்ரீஸ் த தெர்'. நம் மொழியில் சொன்னால் மண்ணைப் பிடித்துக்கொள்வது. அந்தச் சொல்லிலேயே பாடம் இருக்கிறது. மண்ணைப் பிடிக்காத பெட்டிக்கு எவ்வளவு அழகிருந்தும் என்ன பயன்?

தெரிந்த நண்பர் ஒருவர் வீட்டில் இப்படித்தான் ஒரு செட் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் மேல் விரலை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. டெஸ்டரை வைத்தேன், மங்கலாக எரிந்தது. "அது எப்பவும் அப்படித்தான் சார், கொஞ்சம் சுறுசுறுங்கும், பழகிப்போச்சு" என்றார். பல கருவிகளின் உள்ளே இரைச்சலை வடிகட்டச் சிறு கண்டென்சர்கள் உண்டு. அவை வழியாகக் கசியும் மின்சாரம் எர்த்துக்குப் போக வேண்டியது. வழியில்லாவிட்டால் உடம்பிலேயே தங்கி, பாதி மின்னழுத்தம் வரை காட்டும். அளவு மிகச் சிறியது, அதனால் ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் இல்லை என்று கருவி நமக்குச் சொல்லும் ஒரே சேதி அதுதான். அதைப் பழக்கமாக்கிக்கொண்டால் நாளை நிஜமான கோளாறு வரும்போது வேறு சேதி வராது. அந்த வீட்டில் தினமும் ஈரத்துணியால் அந்தப் பெட்டிகளைத் துடைப்பது அவருடைய மனைவி. அதைச் சொன்ன பிறகுதான் அவர் எழுந்து சுவிட்சை அணைத்தார். மறுநாளே எலக்ட்ரிஷியன் வந்தார்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். பல ஜப்பானிய ஆம்ப்ளிஃபயர்களும் சி.டி. பிளேயர்களும் இரண்டு ஒயரோடுதான் வரும். பின்பக்கம் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால், அது இரட்டை இன்சுலேஷன் உள்ள கருவி, அதற்கு எர்த் வேண்டியதில்லை. மூன்று ஒயரோடு வந்த கருவிக்கு மூன்றும் வேண்டும். அதில் பேரம் கிடையாது.

அடுத்து, காசுள்ளவருக்கான பெட்டி. இதை விற்கும் முறையே தனி. கடைக்காரத் தம்பி மரியாதையாக உட்கார வைத்து, காப்பி கொடுத்து, "சார், இது ஆடியோ கிரேடு, பாஸ் நல்லா இறங்கும், ஸ்டேஜ் விரியும்" என்பார். அரசு அலுவலகத்தில் கொள்முதல் கோப்புகளைப் புரட்டியவனுக்கு இந்த மொழி செல்லுபடியாகாது. விவரக்குறிப்பில் 'மிக உயர்ந்த தரம்' என்று எழுதி வந்தால் நாங்கள் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்புவோம்: அளவு என்ன? அதே கேள்வியை இங்கேயும் கேட்போம்.

தடித்த கேபிள் வேண்டுமாம். கணக்குப் போடுவோம். பக்கத்துக்கு 60 வாட் உள்ள ஆம்ப்ளிஃபயர் முழுச் சத்தத்தில் அலறினாலும் சுமார் 250 வாட் எடுக்கும். மற்ற மூன்றும் சேர்ந்து 50 வாட்டுக்குள் அடங்கும். மொத்தம் 300 வாட். 230 வோல்ட்டில் இது 1.3 ஆம்பியர். நம் சாதாரண பிளக் 6 ஆம்பியர் தாங்கும், அதாவது 1,380 வாட். அதில் கால் பங்குகூட நாம் எடுக்கவில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 2 மீட்டர் போட்டால், போக வர 4 மீட்டருக்கு அதன் தடை சுமார் 0.05 ஓம். 1.3 ஆம்பியருக்கு அதில் இழப்பது ஒரு வோல்ட்டில் பதினைந்தில் ஒரு பங்கு. ஆம்ப்ளிஃபயர் மின்சாரத்தைத் தொடர்ச்சியாக இழுப்பதில்லை, துடிப்புத் துடிப்பாக இழுக்கிறது என்பார்கள். உண்மைதான். ஒரு துடிப்பு 5 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இழப்பு கால் வோல்ட். மாலையில் தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது நம் வீட்டு மின்னழுத்தம் பத்துப் பதினைந்து வோல்ட் இறங்குகிறதே, அதன் முன்னால் இந்தக் கால் வோல்ட் எம்மாத்திரம்?

ஆக்சிஜன் இல்லாத செம்பாம். கேபிளுக்குப் பயன்படும் சாதாரண செம்பே 99.9 சதவீதம் சுத்தமானது. மீதியைச் சுத்தம் செய்து கிடைக்கும் லாபம் ஒரு சதவீதம்கூட இல்லை. அதோடு ஒன்றை யோசியுங்கள். அந்த மின்சாரம் துணை மின் நிலையத்திலிருந்து தெருத்தெருவாக அலுமினியக் கம்பியில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, மீட்டரைத் தாண்டி, நம் சுவருக்குள் இருக்கும் பழைய ஒயரில் ஊர்ந்து வருகிறது. கடைசி இரண்டு மீட்டரில் பட்டுக்கம்பளம் விரித்தால் அதன் நடை மாறிவிடுமா? கருவிக்குள் போனதும் டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கி, ரெக்டிஃபயர் அதை டி.சி. ஆக்கி, கண்டென்சர்கள் அதைத் தேக்கிவைக்கின்றன. எம்.எஸ். குரலையோ எதித் பியாஃப் குரலையோ சுமந்து வருவது இசைத்தட்டின் சிக்னல். சுவரிலிருந்து வருவது வெறும் தீனி.

தங்க முலாம்? தங்கம் மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பைவிடக் குறைவு. அதன் ஒரே சிறப்பு, துரு ஏறாது என்பது. பிளக்கைத் தங்கமாக்கிவிட்டு அது போய் உட்காரும் சாக்கெட்டைப் பித்தளையாகவே விட்டால் யாருக்கு லாபம்?

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு சோதனை செய்யுங்கள். காசு கொடுப்பதற்கு முன், பெட்டியை ஒரு நாள் கடனாக வாங்குங்கள். பேரனைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, காசு சுண்டிப் பார்த்து இரண்டு பெட்டிகளில் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ஒரே பாட்டு, ஒரே சத்தம், பத்துத் தடவை. எது எது என்று சொல்லுங்கள். பத்தும் சரியாக வந்தால் வாங்குங்கள், ஏனெனில் குருட்டாம்போக்கில் பத்தும் சரியாக வர 1,024-இல் ஒரு வாய்ப்புதான். இந்தச் சோதனையைக் கடையில் செய்துகாட்டச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில் இன்னொரு காப்பி.

"ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று இரைகிறதே, அதற்காவது விலை உயர்ந்த பெட்டி வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். அந்த இரைச்சல் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வரும். ரெக்கார்டு பிளேயரிலிருந்து தனியாக வரும் மெல்லிய கிரவுண்ட் ஒயர் ஆம்ப்ளிஃபயரின் திருகில் மாட்டப்படாமல் தொங்கும். மாட்டினால் தீர்ந்தது. அல்லது ஒரு கருவி ஒரு சுவரிலும் இன்னொன்று வேறு சுவரிலும் எர்த் வாங்கி, இரண்டையும் சிக்னல் ஒயர் இணைத்து ஒரு வளையம் உண்டாகியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சொருகினால் வளையம் சுருங்கி இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். டி.வி.யும் சேர்ந்திருந்தால் கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் திருடன் அங்கேதான், அந்த ஒயரில் போடுவதற்கென்று சிறு ஐசொலேட்டர் கிடைக்கிறது.

ஆனால் நம் ஊரில் நடப்பது என்ன? "எர்த்தைக் கட் பண்ணுங்க, சத்தம் நின்னுடும்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் எர்த் பின்னையே அறுத்துவிடுகிறார். சத்தம் நிற்கும்தான். நோயாளி முனகுகிறார் என்று வாயைக் கட்டினாலும் சத்தம் நிற்கும்.

ஃபிரிட்ஜ் நின்று ஓடும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்பது உண்மையான தொல்லை. ஃபிரிட்ஜையும் ஸ்டீரியோவையும் வேறு வேறு சர்க்யூட்டில் போட்டாலே பாதி குறையும். அதற்குத் தேவையான வடிகட்டியும் சிறிய சாமான்தான், தங்கப் பெட்டி அல்ல.

இடி மின்னல் பாதுகாப்பு என்று சொல்லி விற்பதும் பாதி உண்மை. ஸ்பைக் பஸ்டருக்குள் இருப்பது வேரிஸ்டர் என்ற சிறு வட்டத் தகடு. நொடிப்பொழுது எகிறும் அழுத்தத்தை அது விழுங்கும், ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் கொஞ்சம் தேயும். முழுதும் தேய்ந்த பிறகும் பல பெட்டிகளில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறி நிலைத்து நின்றால் வேரிஸ்டரால் ஒன்றும் செய்ய முடியாது, அதுவே கருகிவிடும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களுக்கு மருந்து ஒன்றே: பிளக்கை உருவிவிடுவது, கேபிள் டி.வி. ஒயரையும் சேர்த்து. மின்சாரம் திரும்பிய பிறகு விளக்கும் விசிறியும் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். செலவு பூஜ்யம்.

சரி, பெட்டி எப்படி இருக்க வேண்டும்? நான் எலக்ட்ரிஷியன் தம்பியிடம் செய்துவாங்கியதைச் சொல்கிறேன். சுவரின் மேல் அடிக்கும் பி.வி.சி. பெட்டி ஒன்று. அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 6 ஆம்ப் மூன்று பின் சாக்கெட் நான்கு, துளைக்குள் ஷட்டர் உள்ளவை, பேரப்பிள்ளைகள் குச்சியை விட்டால் உள்ளே போகாது. ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். இது ஆடம்பரம் அல்ல. மற்றவற்றைப் போட்ட பிறகு ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போட வேண்டும், அணைக்கும்போது அதை முதலில் அணைக்க வேண்டும், அப்போதுதான் ஸ்பீக்கரில் 'டொம்' விழாது. பெட்டியிலேயே ஒரு சின்ன 6 ஆம்ப் எம்.சி.பி. ஒயர் மூன்று கோர், 1.5 சதுர மில்லிமீட்டர், 2 மீட்டர்: பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு கிளாம்ப், இழுத்தால் இணைப்பு கழன்று வரக்கூடாது. முனையில் திருகு போட்ட மூன்று பின் பிளக். கூலியோடு 1,500 ரூபாய்க்குள் முடிந்தது.

எந்த நாட்டுப் பிளக்கும் நுழையும் 'யுனிவர்சல்' சாக்கெட்டை மட்டும் போட விடாதீர்கள். எல்லாருக்கும் இடம் கொடுப்பது யாரையும் இறுகப் பிடிக்காது. பிடி தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும். கடற்காற்றில் நம் ஊர்ப் பித்தளை சீக்கிரமே பச்சை பூக்கும், தளர்ந்த பிடியும் பச்சையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிரெஞ்சுக் கருவியின் ஒயர் பின்பக்கம் கழற்றக்கூடியதாக இருந்தால், பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குப் போடும் நம் ஊர் பவர் கார்டே அதற்குப் பொருந்தும். கழற்ற முடியாததானால் பிளக்கை வெட்டிவிட்டு நம் மூன்று பின் பிளக்கைப் போடச் சொல்லுங்கள். நிறக்கணக்கு அங்கும் இதுவே.

இவ்வளவும் செய்தும் சுவர் சாக்கெட்டிலேயே எர்த் இல்லாவிட்டால் எல்லாம் வீண். பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம். எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டு ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவே இல்லையென்றால் எர்த் இல்லை. எரிந்தால் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், எவ்வளவு நல்லது என்பதை எர்த் டெஸ்டர் கருவிதான் சொல்லும். தங்கப் பெட்டிக்கு வைத்திருந்த பணம் இருந்தால் அதில் எர்த் குழியைப் புதுப்பித்து, மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுக்கொள்ளலாம். அது பாட்டுக்கு மட்டும் அல்ல, கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும், வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் காவல்.

ஆகவே, கடைக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன வேலை. இன்று மாலை ஸ்டீரியோவுக்குப் பின்னால் டார்ச் அடித்து, சுவரில் சொருகியிருக்கும் பிளக்கை அணைத்து உருவி எண்ணிப் பாருங்கள். பின் மூன்று இருக்கிறதா? ஒயர் மூன்று இருக்கிறதா? பிளக் சூடாக இருக்கிறதா, முனை கருத்திருக்கிறதா? மூன்றில் ஒன்று குறைந்தாலும், பாட்டை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.